நாலு அங்குலத் தண்ணீரில்...

ஆற்றில் படகு விடுவது என்றால் நம் மனக் கண்ணில் ஒரு படம் தோன்றும். ஆடி மாதத்துக் காவேரி கரை புரண்டு ஓடும். பரிசல்காரர் துடுப்பைப் போட்டுச் சுழற்றுவார். பரிசலும் தலை சுற்றிக்கொண்டே அக்கரை போய்ச் சேரும். தண்ணீர் வற்றிவிட்டதோ, பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடக்க வேண்டியதுதான். ஆழம் இருந்தால் படகு, இல்லாவிட்டால் நடை. இதுதானே உலக வழக்கம்?

இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய தேசம் ஒன்று உண்டு. அதுதான் நியூஸிலாந்து. அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீரில், மணிக்கு 60, 70 கிலோ மீட்டர் வேகத்தில், தயிர் சாத டப்பா சகிதமாக ஒரு குடும்பம் படகில் பறந்து போவதைப் பார்க்கலாம். அப்படிப் பறக்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தப் படகுக்கு ஜெட் படகு என்று பெயர்.

தெற்குத் தீவில் உள்ள கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு நாங்கள் குடிவந்து சில வருஷங்கள் சென்ற பிறகு, என் வீட்டுக்காரருக்கு இந்தப் படகு ஆசை பிடித்தது. அவருடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்க் காட்டியதுதான் வினை. திரும்பி வந்தவரிடம், "காப்பிக்குச் சர்க்கரை போதுமா?" என்று கேட்டால், "போதும், வி-8 இஞ்சின்தான்!" என்று பதில் வந்தது. நாலாவது மாதம் எங்கள் வாசலில், இரண்டு சக்கர வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தபடி, ஓர் அலுமினியப் படகு வந்து நின்றது. பழைய படகுதான். நீளம் சுமார் 5 மீட்டர். ஐந்து பேர் உட்காரலாம். பின்பக்கத்தில், பெட்டி போன்ற மூடிக்குக் கீழே மோட்டார் கார் இஞ்சின் ஒன்று.

எங்கள் வீட்டிலும் சரியாக ஐந்து பேர். அவர், நான், 14 வயதுப் பையன், 10 வயதுப் பெண், கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு வயது 70. படகை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார்.

"ஆறு குளிக்கிறதுக்கும் கும்பிடுறதுக்கும்தான். அதுமேல மோட்டார் ஓட்டுவாங்களா யாராவது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறா, ஜடைப் பின்னலா?

இந்தப் படகு ஏன் நியூஸிலாந்தில் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அந்த ஊர் ஆறுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்குத் தீவின் முதுகெலும்பு போல நீண்டு கிடப்பது 'தெற்கு ஆல்ப்ஸ்' மலைத் தொடர். பனி உருகிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் மலையிலிருந்து கூழாங்கற்களை வாரி அடித்துக்கொண்டு சமவெளியில் இறங்குகின்றன. கல்லைச் சுமக்க முடியாத இடத்தில் ஆறு கல்லைப் போடும். போட்ட கல்லே வழியை மறிக்கும். உடனே ஆறு இரண்டாகப் பிரியும். சற்றுத் தூரம் போய் மறுபடி சேரும், மறுபடி பிரியும். விமானத்திலிருந்து பார்த்தால், பெண் பிள்ளைக்கு யாரோ ஏழெட்டுக் கால் எடுத்து ஜடை பின்னிப் போட்ட மாதிரியே இருக்கும். ஊர்க்காரர்களும் இவற்றைப் 'பின்னல் ஆறுகள்' என்றே சொல்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஓடுகிற வைமகரிரி அப்படிப்பட்ட ஆறு. சுமார் 150 கிலோ மீட்டர் ஓடிப் பசிபிக் சமுத்திரத்தில் கலக்கிறது. 'வை' என்றால் மவோரி மொழியில் தண்ணீர். 'மகரிரி' என்றால் குளிர்ச்சி. பெயரில் மிகையே கிடையாது. கோடை நாளிலும் அதில் காலை வைத்தால் உச்சந்தலை வரையில் செய்தி போய்விடும். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஓரிடத்தில் ஆள் ஆழம். பத்தடி தள்ளினால் முழங்கால் ஆழம்கூட இல்லை. இந்த வெள்ளம் கொண்டு வந்து போட்ட பாதை அடுத்த வெள்ளத்தில் இராது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்கள் பாலம் இல்லாத இத்தகைய ஆறுகளைக் கடக்கப் போய் ஏராளமாக மாண்டார்கள். ஆற்றில் மூழ்கிச் சாவதற்கு 'நியூஸிலாந்து மரணம்' என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது.

சாதாரண மோட்டார் படகுக்கு அடியில் விசிறி சுழலும். இந்த ஆற்றில் அதை விட்டால் முதல் கல்லிலேயே விசிறி முறியும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்லியம் ஹாமில்டன் என்பவர். 1899-ல் பிறந்தவர். மெக்கன்ஸி பிரதேசத்தில் 'ஐரிஷ்மன் க்ரீக்' என்ற இடத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். பண்ணையில் ஒரு பட்டறை. அந்தப் பட்டறைக்கு மின்சாரம் வேண்டும் என்று தாமே அணை கட்டிக்கொண்டவர் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

தண்ணீரைப் பீச்சிப் படகைத் தள்ளலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். ஹாமில்டன் 1954-ல் அதைச் செய்து பார்த்தார். தண்ணீரைப் படகுக்கு அடியில் பீச்சியபோது படகு நிதானமாகத்தான் போயிற்று. பீச்சும் வாயைப் படகின் பின்புறத்தில், நீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்ததும் வேகம் பிய்த்துக்கொண்டது! அது மட்டுமல்ல; படகுக்கு அடியில் துருத்திக்கொண்டு எதுவுமே இல்லை என்றும் ஆயிற்று. 1960-ல் இவருடைய படகுகள் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மகா பள்ளத்தாக்கை, அதுவும் நீரோட்டத்தை எதிர்த்து, ஏறிக் காட்டின. 1974-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1978-ல் காலமானார்.

ரப்பர் குழாய்ப் பாடம்

படகு ஓடும் விதத்தைப் பாட்டிக்கு விளக்கியவன் என் பையன். தோட்டத்துக்கு அழைத்துப் போய், செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாயைத் தரையில் போட்டுத் திருகைத் திறந்தான். குழாய் பாம்பு போலத் துள்ளிப் பின்னால் ஓடியது.

"பார்த்தீங்களா பாட்டி? தண்ணி முன்னால போனா குழாய் பின்னால போகுது. நம்ம படகுல தண்ணி பின்னால போகும், படகு முன்னால போகும். அவ்வளவுதான்!"

உண்மையிலேயே அவ்வளவுதான். படகின் அடியில், சல்லடைபோல் கம்பி அடித்த ஒரு வாய். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. இஞ்சின் சுற்றும் ஒரு சக்கரம் அதை அழுத்திப் பின்புறக் குழாய் வாய் வழியாகச் சீறவிடுகிறது. வளையத்தைத் திருப்பினால் அந்தச் சீற்றம் இடமோ வலமோ திரும்பும், படகும் திரும்பும். பின்னால் போக வேண்டுமா? குழாய் வாய்மேல் ஒரு மூடி இறங்கும். 'வாளி' என்று அதைச் சொல்கிறார்கள். சீறுகிற தண்ணீர் வாளியில் மோதி முன்பக்கமாகத் திரும்ப, படகு பின்னுக்கு வரும். வேகம் எடுத்துவிட்டால் படகு தண்ணீரின் மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். அப்போது அதற்கு நாலு அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும்.

ஆனால் நின்றுவிட்டால்? அங்கேதான் சூட்சுமம். வேகம் குறைந்தவுடன் படகு மறுபடி தண்ணீருக்குள் உட்காரும். உட்கார நாலு அங்குலம் போதாது. ஆகவே, நாலு அங்குலத்தில் ஓடலாம், நிற்கக் கூடாது! நின்றால் ஐந்து பேரும் இறங்கித் தள்ள வேண்டும்.

முதல் இரண்டு மாதங்களில் நாங்கள் படகில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகமா, படகைத் தள்ளிய நேரம் அதிகமா என்று என் பெண் ஒரு கணக்குப் போட்டாள். தள்ளிய நேரம்தான் அதிகம் என்று தீர்ப்பு.

கல் விஷயமும் உண்டு. கம்பிச் சல்லடையில் கூழாங்கல் ஒன்று கச்சிதமாகப் போய் மாட்டிக்கொள்ளும். இஞ்சின் அலறும், படகோ சோர்ந்துவிடும். கரைக்கு ஒதுங்கி, இஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே உள்ளே இருக்கும் மூடியைத் திறந்து கல்லை எடுக்க வேண்டும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் அதைக் காட்டினால்தான் மற்றவர் கையை உள்ளே விடலாம். இது எங்கள் வீட்டுச் சட்டம். கை போனால் வராதல்லவா?

வீட்டில் எல்லோருக்கும் உத்தியோகம் பிரித்தாயிற்று. படகின் அடியிலே, தங்கும் தண்ணீரை வடிக்க ஒரு துவாரம் இருக்கும். ஆற்றில் இறக்குவதற்கு முன் அதற்குத் தக்கை திருகியிருக்கிறதா என்று பார்ப்பது பெண்ணின் வேலை. எல்லோரும் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது பையனின் வேலை. ஓட்டுகிறவர் இடுப்பிலிருந்து ஒரு கயிறு இஞ்சின் பொத்தானுக்குப் போகும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். அந்தக் கயிற்றைப் பார்ப்பது என் வேலை. சாப்பாட்டுப் பெட்டியும் என் வேலையே. அது சொல்லாமலே வந்து சேர்ந்தது.

தண்ணீரைப் படிப்பது

எங்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஆறுகளில் ஓட்டி வருபவர். கையில் மண், வாயில் சிக்கனம். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். ஆனால் அந்த நாலும் பாடம்.

"தனிப் படகாகப் போகாதீர்கள். இரண்டு படகாவது போக வேண்டும்" என்பது முதல் பாடம்.

"முதலில் எதிர்நீரில் ஏறுங்கள், பிறகு இறங்குங்கள்" என்பது இரண்டாவது. ஏறும்போது தண்ணீரின் முகம் நமக்கு நேரே தெரியும். இறங்கும்போது பள்ளம் கண்ணுக்கு மறைந்திருக்கும். நீரோட்டமும் முதுகில் கை வைத்துத் தள்ளும். அதோடு, மேலே போய் இஞ்சின் கெட்டுப் போனாலும், ஆறு நம்மைக் கார் நிற்கும் பக்கமாகத்தானே கொண்டுவரும்?

மூன்றாவது பாடம் தண்ணீரைப் படிப்பது. வழவழவென்று கறுத்து ஓடினால் ஆழம். கண்ணாடித் துண்டுகளைக் கொட்டியதுபோல் ஒரே சீராகச் சிலுசிலுத்தால் அடியில் கூழாங்கல், ஆழமில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நாக்கு நீட்டினாற்போல் இறங்கி, கீழ்ப்பக்கம் கூராக முடிந்தால் அது வழி. கூர் மேல்பக்கம் நோக்கியிருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. வளைவிலே வெளிக்கரை ஓரம் ஆழம் இருக்கும். ஆனால் அங்கேதான் விழுந்த வில்லோ மரங்களும் கிளையை நீட்டிக்கொண்டு கிடக்கும். மழை பெய்து கோலம் கரைந்துபோன வாசலில், எங்கே புள்ளி, எங்கே கோடு என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி வேலை இது. சில நாளில் அவரைவிட எனக்கே இது சீக்கிரம் பிடிபட ஆரம்பித்தது. "இடது பக்கம் போங்க" என்பேன். அவர் வலது பக்கம் போவார். பிறகு எல்லோரும் இறங்கித் தள்ளுவோம்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீங்கள் ஏன் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை?" என்றார்.

"எனக்கு எதற்கு? அவர்தான் ஓட்டுகிறாரே" என்றேன்.

"ஒரு படகில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்திருந்தால், மற்ற நாலு பேரும் மூட்டைகள்" என்றார் பெரியவர்.

அன்றைய நாலு வாக்கியமும் அந்த ஒன்றிலேயே செலவாகிவிட்டது.

மூட்டை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே ஓர் அகலமான ஏரிக்குப் போனோம். பெரியவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டும் ஆசனத்தில். நேராக ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். "இப்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு வளையத்தைத் திருப்புங்கள்" என்றார். அப்படியே செய்தேன். படகு திரும்பவில்லை! வளையத்தை எவ்வளவு சுற்றினாலும், பிடிவாதக் குழந்தைபோல் நேராகவே போயிற்று. "இப்போது முடுக்கியை மிதியுங்கள்." மிதித்தேன். வெடுக்கென்று திரும்பியது.

"பார்த்தீர்களா? தண்ணீர் சீறினால்தான் திசை உண்டு. காரில் பயம் வந்தால் காலை எடுப்பீர்கள். இதில் பயம் வந்து காலை எடுத்தால், எதைக் கண்டு பயந்தீர்களோ அதன்மேலேயே போய் மோதுவீர்கள்."

எத்தனையோ வருஷமாகக் கார் ஓட்டிப் பழகிய காலுக்கு இதைப் புரியவைக்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

அத்தை படகேறினார்

அத்தை இதற்குள் நாலைந்து தடவை எங்களோடு காரில் வந்து, கரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். படகில் ஏற மட்டும் மறுத்துவிட்டார். ஒரு நாள் பையன் எட்மண்ட் ஹிலாரியின் கதையைச் சொன்னான். 1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரிதான். நியூஸிலாந்துக்காரர். 1977-ல் அவர் மூன்று ஜெட் படகுகளைக் கொண்டுவந்து, கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரிலிருந்து ஹிமயத்தை நோக்கி ஆற்றோடு ஏறினார். படகுகளில் ஒன்றின் பெயரே 'கங்கா'. படகை வடிவமைத்த ஹாமில்டனின் மகனும் பேரனும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். வழி நெடுகக் கரையில் ஜனங்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். காசியைத் தாண்டி, ஹரித்வாரத்தைத் தாண்டி, நந்தப்பிரயாகை அருகில் ஓர் அருவி குறுக்கே நின்று, "இதற்கு மேல் படகு வேண்டாம்" என்று சொல்லும் வரையில் போனார்கள்.

"நந்தப்பிரயாகை வரைக்குமா?" என்றார் அத்தை. பத்ரிநாத் யாத்திரை போனவர் அவர். அந்தச் சுழலும் பாறையும் அவருக்குத் தெரியும். "இந்த மாதிரிப் படகிலேயா?"

"இதே மாதிரிதான் பாட்டி."

அத்தை சிறிது நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கங்கை ஒத்துக்கிட்டான்னா இந்த ஆறும் ஒத்துக்கும்" என்று எழுந்தார். குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிதவைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஏறினார். ஆற்றைத் தாயாக நினைப்பது நமக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணாதீர்கள். மவோரி மக்கள் ஆற்றைத் தங்கள் மூதாதை என்கிறார்கள். வடக்குத் தீவில் வாங்கனுயி ஆற்றுக்குச் சட்டத்தின் பார்வையில் ஒரு நபருக்குள்ள உரிமைகள் எல்லாம் உண்டு என்று 2017-ல் சட்டமே செய்திருக்கிறார்கள்.

அத்தை படகில் வர ஆரம்பித்ததில் ஒரு லாபம். எங்கள் கண்ணில் படாததெல்லாம் அவர் கண்ணில் பட்டது. கூழாங்கல் திட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குருவி. அதன் அலகு நுனி வலப் பக்கமாக வளைந்திருக்கும். பக்கவாட்டில் அலகு வளைந்த பறவை உலகத்தில் இது ஒன்றுதானாம். கல்லைப் புரட்டாமலே அதற்கு அடியில் அலகை விட்டுப் பூச்சியைத் துழாவி எடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முட்டையும் கல் நிறமே. காலடியில் இருந்தாலும் தெரியாது. செப்டம்பர் தொடங்கி ஜனவரி வரையில் இவையும், கறுப்பு அலகுக் கடற்காகங்களும், ஆலாக்களும் இந்தத் திட்டுகளில்தான் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் பறவைகள் கூட்டமாக இருக்கும் திட்டில் நாங்கள் இறங்குவதில்லை. "பிரசவ வீட்டிலே சத்தம் போடக் கூடாது" என்று அத்தை உத்தரவு.

வேகத்துக்கும் சட்டம் உண்டு. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட், அதாவது மணிக்கு ஒன்பது கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஆற்றில் கரை எப்போதும் பக்கத்தில்தானே இருக்கிறது? ஆகவே சில ஆறுகளில், சில பகுதிகளில் மட்டும் இதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தெரிந்துகொண்டுதான் படகை இறக்க வேண்டும்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள்

சமவெளியிலிருந்து மேற்கே ஏறினால், வைமகரிரி இரண்டு மலைச் சுவர்களுக்கு நடுவே புகுந்து வருகிறது. அந்த இடுக்குக்குள் சாலை கிடையாது. உயரத்தில் ரயில் பாதை மட்டும் உண்டு. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பாதை. அதில் ஒரு பாலம் 73 மீட்டர் உயரம். ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்துக் கையை ஆட்டுவார்கள். நாமும் பதிலுக்கு ஆட்டலாம். சுற்றிலும் பாறை, நீலத் தண்ணீர், பெயர் தெரியாத பச்சை. கைபேசிக்கு அங்கே ஜீவன் இல்லை.

பிப்ரவரி மாதம், கோடை விடுமுறை முடிந்த சமயம். பெரியவரும் அவர் நண்பரும் ஒரு சிறு படகில். நாங்கள் ஐவரும் எங்கள் படகில். இடுக்கில் வெகு தூரம் ஏறிப் போய், புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். திரும்பலாம் என்று படகைக் கல் திட்டிலிருந்து தள்ளும்போது, என் வீட்டுக்காரரின் கால் பாசி படிந்த கல்லில் வழுக்கியது. எழுந்தார், ஆனால் வலது காலை ஊன்ற முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. முடுக்கியை மிதிக்கிற கால் அது!

பெரியவர் காலைப் பார்க்கவில்லை. மேற்கே வானத்தைப் பார்த்தார். மலை முகட்டின் மேல் மேகம் வில்போல் வளைந்து நின்றது. காற்று உஷ்ணமாக வீசத் தொடங்கியிருந்தது. வடமேற்குக் காற்று என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலைக்கு அப்பால் மழை கொட்டும். இங்கே துளி விழாது. சமவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும்.

"இரண்டு நடையாக உங்களை ஏற்றிப் போக நேரம் இருக்கிறதா தெரியவில்லை. படகை இங்கே விட்டுப் போனால் நாளை இங்கே இராது" என்றார் பெரியவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் முன்னால் போகிறேன். நீங்கள் என் பின்னாலேயே வாருங்கள்."

"நான் ஓட்டட்டுமா அம்மா?" என்றான் பையன். கூடாது. 10 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடிய விசைப்படகை 15 வயது நிரம்பாதவர் தாமே ஓட்டக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஏரியில் ஓட்டியிருக்கிறேன், அகலமான ஆற்றில் ஓட்டியிருக்கிறேன். இந்த இடுக்கில், இறக்கத்தில், முழுக் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு ஓட்டியதில்லை. கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டேன். பெண் தக்கையைப் பார்த்தாள். பையன் மிதவைச் சட்டைகளைப் பார்த்தான். பின் ஆசனத்திலிருந்து அத்தை என் தோளைத் தொட்டு, "பயப்படாதேம்மா, ஓட்டு" என்றார்.

புறப்பட்டோம். முதல் பத்து நிமிஷம் பெரியவரின் படகு போட்ட வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு வளைவு. தண்ணீர் எங்களைத் தூக்கி வெளிக்கரைப் பக்கம் வீசியது. அங்கே பாறைச் சுவர். அது எங்களை நோக்கி நடந்து வருவதுபோல் இருந்தது. என் கால் முடுக்கியிலிருந்து எழும்பத் துடித்தது. எத்தனையோ வருஷப் பழக்கமல்லவா? "காலை எடுத்தால் பாறைமேல்" என்று மனசுக்குள் ஒரு குரல். வளையத்தைத் திருப்பி, முடுக்கியை அழுத்தினேன். இஞ்சின் உறுமியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, பாறையிலிருந்து ஒரு பனை தூரத்தில் திரும்பிக் கறுத்த தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பிரிவு வந்தபோது மாத்திரம், மெதுவாக, "எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம்" என்றேன்.

இந்தத் தடவை யாரும் இறங்கித் தள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் கார் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மாலையில் மருத்துவமனையில் பார்த்ததில் எலும்பு முறிவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். நாங்கள் படகை இறக்கிய கல் திட்டே இல்லை. ஆறு பழுப்பாகச் சுருண்டு, முழு வில்லோ மரங்களைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாறுதல். ஏறும்போது அவர் ஓட்டுகிறார். இறங்கும்போது நான் ஓட்டுகிறேன். அத்தை ஓட்டுவதில்லை, வழி சொல்கிறார். பையனுக்கு இப்போது 15 வயது ஆகிவிட்டது. ஏரியில் பாடம் ஆரம்பமாகியிருக்கிறது. பெண் தன் முறைக்காக நாட்காட்டியில் கட்டம் கட்டமாக அடித்து வருகிறாள்.

படகு வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல, அவசியமும் இல்லை. ஆனால் எந்த வீட்டிலும் ஒரு வளையம், ஒரு முடுக்கி, ஒரு சாவி இருக்கத்தான் செய்கிறது. காராக இருக்கலாம், பாங்குக் கணக்காக இருக்கலாம், கடைச் சாவியாக இருக்கலாம். 'அவர்தான் பார்த்துக்கொள்கிறாரே' என்று நாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். தண்ணீர் அமைதியாக இருக்கிற நாளிலேயே அதைக் கற்று வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளம் வருகிற அன்றைக்குக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இராது.

தெற்குத் தீவுக்கு வந்தால் எங்கள் ஆற்றையும் ஒரு நாள் பாருங்கள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும், நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒரு செட் துணியும் கொண்டு வந்தால் போதும். தயிர் சாதம் நாங்கள் கொண்டு வருகிறோம். கல்லில் நின்றுவிட்டால் மட்டும், விருந்தாளி என்று பார்க்க மாட்டோம். இறங்கித் தள்ள வேண்டும்!